கோதுமை இல்லாத அடுப்பு

மார்ச் 3

மகளுக்கு சீலியாக் என்று உறுதியாகிவிட்டது. கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடலைப் பாதிக்கும் நோய். ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி, இரண்டும் அதையேதான் சொல்கின்றன. நல்லவேளை, சந்தேகம் வந்த அன்றே கோதுமையை நிறுத்திவிடவில்லை. முன்கூட்டியே நிறுத்தியிருந்தால் முடிவு ஒன்றுமில்லை என்று வந்திருக்கலாமாம்.

மாலையில் சமையலறையை ஒழித்தேன். கழுவிக் காயவைத்த சல்லடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், வலை விளிம்போடு சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். எத்தனை வருட மைதாவோ! ஊசியால் குத்தியும் முழுதாக வரவில்லை. சல்லடை போயிற்று. மரக்கரண்டிகளும் கூடவே. பேக்கிங் பவுடர் டப்பாவைத் திருப்பினால் அதிலும் கோதுமை ஸ்டார்ச். யார் எதிர்பார்ப்பார்கள்?

மார்ச் 5

முதல் கேக். வழக்கமான கணக்கேதான், மைதா ஒரு கப் என்ற இடத்தில் அரிசி மாவு ஒரு கப். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. வாயில் போட்டால் நறநற. மகள் ஸ்பூன் எடுத்து வந்து சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 6

அதே கேக், ஒரே ஒரு மாற்றம்: கலவையை அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு ஓவனில் வைத்தேன். நறநறப்பு பெருமளவு போய்விட்டது. அரிசி மாவு தண்ணீரை நிதானமாகத்தான் குடிக்கிறது. உதிர்வது மட்டும் நிற்கவில்லை.

மார்ச் 10

டிஜிட்டல் தராசு வந்தது. ஒரு கப் அரிசி மாவும் ஒரு கப் மரவள்ளி ஸ்டார்ச்சும் எடையில் ஒன்றல்ல என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கப்பை அலமாரியில் ஏற்றிவிட்டேன்.

இப்போதைய கலவை: அரிசி மாவும் சோள மாவும் சேர்ந்து 70 பங்கு, மரவள்ளி ஸ்டார்ச் 30 பங்கு. (சோள மாவு என்றதும் பாதிப் பேர் கார்ன்ஃப்ளாரை நினைப்பார்கள். நான் சொல்வது முழுச் சோளத்தை அரைத்த மாவு.) பாக்கெட்டில் குளூட்டன் ஃப்ரீ என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் கணக்குப்படி, அப்படிப் போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனைத் தாண்டக்கூடாது. அரிசியில் இயல்பாகவே குளூட்டன் இல்லைதான். ஆனால் அதே மில்லில் கோதுமையும் அரைத்திருந்தால்?

குக்கீஸுக்கு ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் சாந்தன் கம் (மாவு உதிராமல் பிடித்து வைக்கும் பசைத்தூள்) போதுமாம். நான் கூடக் கொஞ்சம் இருக்கட்டுமே என்று ஒரு டீஸ்பூன் போட்டேன். ரப்பர்.

மார்ச் 15

பிரெட். கை பழக்கத்தை விடவில்லை, பத்து நிமிடம் பிசைந்தேன். பிசைவதற்கு அங்கே என்ன இருக்கிறது? கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் கைகோத்து குளூட்டன் வலையாகின்றன. பிசையப் பிசைய அந்த வலை இறுகி, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கிறது. இங்கே வலையே கிடையாது. விரல் முழுக்க அப்பிக்கொண்டதுதான் மிச்சம். வெந்து வந்தது செங்கல்.

மார்ச் 22

அந்த வலைக்குப் பதிலாக இசப்கோல் உமி (தண்ணீரில் ஊறினால் கொழகொழப்பாகும் விதை உமி) 18 கிராம், தண்ணீர் 360 மில்லி. கலக்கி ஐந்து நிமிடம் கழித்துக் கரண்டியைத் தூக்கினால் ஜெல்லாக, கிண்ணத்தின் வடிவத்திலேயே மொத்தமும் கூட வருகிறது. அதில் 300 கிராம் மாவுக் கலவை, 6 கிராம் ஈஸ்ட், அதே அளவு உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய். பிசையவில்லை, கரண்டியால் அடித்துக் கலந்ததோடு சரி. நேராக டின்னில் கொட்டி, ஈரக் கையால் மேலே தடவிவிட்டேன். டின்னின் சுவர்தான் இதற்கு முதுகெலும்பு. ஒருமுறை பொங்கினால் போதும். அமுக்கிவிட்டு மறுபடி பொங்கவிட இதற்குத் தெம்பில்லை.

பொங்கியது! வாசனை தாளாமல் சூட்டோடு வெட்டினேன். கத்தியில் பசைபோல் ஒட்டியது. உள்ளே லேசான ஊதா நிறம் வேறு. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். சில இசப்கோல் உமி அப்படித்தான் நிறம் காட்டுமாம், சாப்பிடுவதற்குத் தடையில்லை.

மார்ச் 29

அதே அளவு, வேறு பிராண்ட் உமி. தெர்மாமீட்டரைக் குத்தி, நடுவில் 97 டிகிரி செல்சியஸ் காட்டிய பிறகே வெளியே எடுத்தேன். கம்பி வலைமேல் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் கத்தியை ஒளித்து வைக்கவேண்டியிருந்தது, என்னிடமிருந்துதான்.

வெட்டினேன். துண்டு உதிராமல் முழுதாக நின்றது. மகள் வளைத்துப் பார்த்தாள், உடையவில்லை. "ஊதா எங்கேம்மா?" என்றாள்.

மார்ச் 30

ராத்திரியே மிச்சத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தேன். வெளியே இருந்தால் மறுநாளே விறைத்துவிடும். காலையில் ஒன்றை எடுத்து டோஸ்டர் பக்கம் போனவள் பாதியிலேயே நின்றேன். அதன் அடியில் பழைய பிரெட் தூள்! இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படவில்லை? டோஸ்டரைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, துண்டை வாணலியில் வாட்டிக் கொடுத்தேன்.