செட்டிநாட்டுச் சைவப் பந்தி

செட்டிநாடு என்ற பெயர் உலகம் முழுக்கக் கோழியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. லண்டனிலும் துபாயிலும் இந்திய உணவகத்துப் பட்டியலைப் புரட்டினால் அந்தப் பெயர் அசைவப் பக்கத்தில்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து சைவமே சாப்பிடுகிற நான் காரைக்குடிப் பக்கம் போகிறேன் என்றதும், "அங்க போய் தயிர்சாதமா சாப்பிடப் போறே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. வேலை நிமித்தமாகப் பல நாடுகள் அலைந்ததில் ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் "சைவம் கிடைக்குமா" என்று கேட்பதை விட, "உங்க ஊர்ல விரதத்துக்கு என்ன சமைப்பீங்க" என்று கேட்பது நல்லது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் சாலட்டும் உருளைக்கிழங்கு வறுவலும் வரும். இரண்டாவது கேள்விக்கு அந்த ஊரின் சமையலே வரும்.

எத்தியோப்பியாவில் இதை முழுசாக அனுபவித்தேன். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு 55 நாள். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. வெண்ணெய் ஊற்றுகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவார்கள். தெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செராவின் மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், கடலைமாவுக் குழம்பு என்று வட்டமாக வைத்துக் கொண்டுவருவார்கள். நோன்பு இல்லாத செவ்வாய்க்கிழமை அதே கடையில் பாதிகூடக் கிடைக்காது.

ஜப்பான் கடினமான ஊர். கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை ஒதுக்கிவிடலாம். குழம்புக்கும் சூப்புக்கும் அடிப்படையான தாஷியில் உலர்ந்த மீன் சீவல் கரைந்திருக்கும். நூடுல்ஸ் கடைக்காரர் மனசார "காய்கறிதான்" என்று சொல்லுவார், அவர் பொய் சொல்லவில்லை, தண்ணீரை யாரும் மீனாக நினைப்பதில்லை. ஆனால் கோயாசான் மலையில் புத்த மடங்களில் தங்கினால் ஷோஜின் ரியோரி என்ற மடத்துச் சைவச் சாப்பாடு கிடைக்கும். தாஷியைக் கடல்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள். எள்ளை அரைத்துக் கட்டியாக்கிய எள் டோஃபு வரும். வெங்காயம் பூண்டு கிடையாது. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடையைத் தேட வேண்டும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பது நாள் சைவ விரதத்தில் தெருவே மஞ்சளாகிவிடும். வியட்நாமில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 'சாய்' என்கிற சைவச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் நிற்கும். விரதம் நம் ஊர்க் கணக்கிலேயே வருகிறதே என்று எனக்கு அப்போது பெரிய சந்தோஷம்.

சரி, ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டு ஊருக்கு வருகிறேன். விமானத்தில் சாப்பாடு பதியும்போது 'இந்து உணவு' என்று குறித்தால் பல நிறுவனங்களில் அசைவம்தான் வரும். ஆசிய சைவ உணவுக்கான ஏவிஎம்எல் (AVML) என்ற குறியீட்டைப் பார்த்துப் பதியுங்கள். இத்தாலியின் பார்மிஜானோ சீஸைக் கன்றின் வயிற்றுச் சுரப்பை வைத்துத்தான் உறையவைப்பார்கள். மெக்சிகோவில் பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கேட்டால் எண்ணெயில் செய்து தருவார்கள்.

பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடி இறங்கி, கானாடுகாத்தானில் விருந்தினருக்கு அறை விடும் ஒரு பழைய வீட்டில் தங்கினேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை. சுவரைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடி போல வழவழக்கிறது. சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி மெருகேற்றியது அது. சமையலறைக்குள் நுழையாத முட்டை சுவருக்குள் இருக்கிறது. தாவர உணவைத் தவிர எதையும் தொடாத வெளிநாட்டு நண்பர்கள் யாராவது வந்தால் இதையும் சொல்லி வையுங்கள், அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள விரும்புவார்கள்.

வீட்டு ஆச்சியிடம் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "விரதத்துக்கா? கல்யாணத்துக்கே எங்க வீடுகள்ல சைவம்தானே தம்பி" என்றார். நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கல்யாணப் பந்தி சைவப் பந்தி. இவர்கள் சைவ சமயத்தவர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதை வைத்துத்தான் பங்காளி முறையே பார்ப்பார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் ஆட்டுக்கறியும் கோழியும் சமைக்கிறார்கள், ருசியாகவும் சமைக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டின் முக்கியமான நாட்களில் இலையில் இருப்பது சைவம்.

காலையில் கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் வந்தன. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு சொல்லும் விதமே எனக்குப் பிடித்திருந்தது: படியில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேல் நிற்கிற வரைக்கும் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். அந்தக் கோபுரம்தான் உளுந்தின் அளவு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, புளிக்கவிடாமல், காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஒரே ஊற்றாக ஊற்றுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஓரம் சுருங்கி நடுவில் உப்பி வரும், ஆனால் சிவக்கக்கூடாது. ஆச்சி சிவந்துபோன ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார், எவ்வளவு கேட்டும் என் இலையில் போடவில்லை. தொட்டுக்கொள்ள டாங்கர் சட்னி; வரமிளகாயும் பூண்டும் புளியும் அரைத்த காரம்.

கவுனி அரிசி கறுப்பு நிறம், வெந்தால் கருஞ்சிவப்பாகி ஒட்டும். முந்தின இரவே ஊறப்போட்டு, நேரமெடுத்துக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்க்கிறார்கள். இதே கறுப்பு ஒட்டரிசியை நான் யாங்கோன் தெருவில் காலைப்பொழுதில் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே அவித்த பட்டாணியும் எள்ளும் உப்பும் தேங்காயும் தூவித் தருவார்கள். "எங்க ஐயா ரங்கூன்ல கொண்டுவிக்கப் போனாக, அங்கேருந்து வந்ததுதான் இது" என்றார் ஆச்சி. வட்டித் தொழிலுக்கு 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று போனவர்கள் இவர்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது பலர் போட்டது போட்டபடி திரும்பினார்கள். அரிசி மட்டும் இங்கே தங்கிவிட்டது.

இதை யோசித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நான் வழி தேடி அலைகிற இந்தச் சிக்கலை இந்த ஊர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே தீர்த்து வைத்திருக்கிறார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தவர்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கிட்டங்கிகளில் தங்கினார்கள். கீழே வரிசையாகக் கணக்குப் பெட்டிகள், மேலே படுக்கை, பின்னால் பொதுச் சமையல், அதற்கு ஊரிலிருந்து வந்த சமையல்காரர். பக்கத்திலேயே தண்டாயுதபாணி கோயில் கட்டிக்கொண்டார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-இல் எழுந்தது. தைப்பூசத்தில் அங்கே அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அது அப்படியே செட்டிநாட்டுப் பந்தி. காசியில் இவர்களுடைய நகரச் சத்திரம் இருக்கிறது. வடநாட்டு யாத்திரை போகும் தமிழர்கள் சாம்பார் சாதத்துக்கு அங்கேதான் போய் நிற்கிறார்கள். போகிற இடத்தில் ஒரு அடுப்பையும் ஒரு சாமியையும் முதலில் நிறுத்திக்கொள்வது என்ற இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உலகம் சுற்றுகிற சைவச் சாப்பாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் இன்றும் இவர்களுடைய புண்ணியத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. செட்டிநாடு என்றால் மிளகுக் காரம் என்று வெளியூர் ஹோட்டல்கள் ஒரு எண்ணத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன. வீட்டுச் சமையலில் காரம் அளவோடுதான் இருக்கிறது. சோம்பு முன்னால் நிற்கிறது. பட்டை, கிராம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் மணத்துக்குப் பின்னால் வருகின்றன. கல்பாசி இந்தக் காய்ந்த மண்ணில் விளைவதில்லை, மலைப்பக்கத்து மரங்களிலும் பாறைகளிலும் படர்கிற பாசி. வணிகர் வீட்டு அடுப்படிக்கு எங்கெங்கிருந்தோ பொருள் வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், வெண்டைக்காய், கொஞ்சம் மொச்சை போட்டுச் சுண்ட விடுகிறார்கள். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. அரிசிக் கழுநீர் குழம்புக்கு ஒரு உடம்பைக் கொடுக்கிறது. புளிப்பும் பூண்டும் ஏறி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கிறது. தண்ணீர் குறைந்த சீமையில், கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜப்பான்காரர் தாஷியைக் கொண்டாடுகிற அளவுக்கு நாம் இந்தத் தண்ணீரைக் கொண்டாடவில்லை, அது எனக்கு வருத்தம்தான். கூடவே பலாமுசுக் கறி. பிஞ்சுப் பலாவை வேகவைத்து உதிர்த்து வதக்கியது. பிறகு கொத்தவரை வத்தலும் கத்திரி வத்தலும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை, மொட்டை மாடி இடம் நிறைய, காய் மலிவாக இருக்கும் மாதத்தில் அரிந்து உப்புப் போட்டுக் காயவைத்தால் கடல் கடந்தும் கெடாது. கொண்டுவிக்கப் போனவர்களின் பெட்டியில் இவை இல்லாமல் இருந்திருக்காது.

விரதம் என்று கேட்டதற்கு ஆச்சி சொன்ன பதில் பிள்ளையார் நோன்பு. கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து 21 நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் முடிகிறது. புதுத்துணியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த பச்சரிசி மாவில் வைத்து ஏற்றுகிறார்கள். வீட்டுப் பெரியவர் அதை எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் எரிகிற சுடரோடு அந்த மாவை வாயில் போட்டு விழுங்குகிறார்கள். இதற்கு இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். படையலில் பொரிகளும் பணியாரங்களும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் நகரத்தார் அன்றைக்குச் சங்கங்களில் கூடி இழை எடுத்துக்கொள்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ நோன்புச் சாப்பாடு பார்த்தேன், தீயையே உண்ணும் நோன்பை வேறெங்கும் பார்க்கவில்லை.

வெளியே சாப்பிடுவது கொஞ்சம் கவனம் கேட்கிற காரியம். காரைக்குடியில் சுத்த சைவ ஹோட்டல்கள் உண்டு, பேருந்து நிலையம் பக்கம் தேடினால் கிடைக்கும். மெஸ்களில் பெரும்பாலும் இரண்டும் நடக்கும். 'மீல்ஸ்' என்று உட்கார்ந்தால் இலையில் கூட்டும் பொரியலும் சைவம்தான், ஆனால் கோழிக் குழம்பு வாளியும் மீன் குழம்பு வாளியும் சுற்றி வரும், கேட்காமலே ஊற்றிவிடுவார்கள். அது அவர்கள் உபசாரம். ஒரு மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கும் மீன் குழம்பு வாளிக்கும் ஒரே கரண்டி போய்வந்ததைப் பார்த்து எழுந்துவிட்டேன். ராத்திரி தோசைக்கல்லில் ஆம்லெட்டும் ஊற்றுவார்கள். உட்காரும்போதே "அண்ணே, சுத்த சைவம், முட்டையும் கிடையாது" என்று சொல்லிவிட்டால் போதும். முகம் சுளிப்பதே இல்லை, வேறு கரண்டி வரும்.

பலகாரக் கடைகளில் இந்தக் கவலையே வேண்டாம். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாம் எடைக்கு எடை போட்டுத் தருவார்கள். மணகோலமும் சீப்புச் சீடையும் நீண்ட பயணத்துக்குச் சரியான துணை. அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் இவற்றைத்தான் கட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: ஆடியில் போனால் வறுத்த உளுந்து மாவில் கருப்பட்டியும் நெய்யும் ஊற்றிக் கிளறிய கும்மாயம் கிடைக்கும். ஆவணிச் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியில் முக்குறுணி அரிசி மாவில் ஒரே மோதகமாகச் செய்து படைப்பார்கள். நோன்பு பார்க்க மார்கழி. தங்கும் வீட்டுக்கு முந்தின நாளே போன் போட்டு, சைவம் என்பதையும் கவுனி அரிசி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். ராத்திரி ஊறப்போட்டால்தான் காலையில் இலைக்கு வரும்.