சேதாரம் என்று எதைச் சொல்கிறோம்?

அக்காள் மகளின் திருமணத்துக்கு நகை எடுப்பதற்காகச் சென்ற தை மாதம் நகரின் பெரிய நகைக்கடை ஒன்றுக்குப் போயிருந்தோம். உட்கார்ந்தவுடன் குளிர்பானத்தோடு ஒரு சிறு அட்டையையும் கொடுத்தார்கள். அந்த வரிசை நகைகள் முழுவதும் மறுசுழற்சித் தங்கத்தால் ஆனவை என்றும், அவற்றில் எதுவும் வீணாவதில்லை என்றும் பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து வந்த மதிப்பீட்டுத் தாளில், அதே வரிசையைச் சேர்ந்த 24 கிராம் ஆரத்துக்கு 14 சதவீதம் சேதாரம் என்று போட்டிருந்தார்கள். கணக்குப் போட்டால் 3.36 கிராம், அதாவது அரைச் சவரனுக்குச் சற்றே குறைவு. எதுவும் வீணாகவில்லை என்று அட்டை சொல்ல, இவ்வளவு வீணாகிவிட்டது என்று தாள் சொல்கிறதே, இரண்டில் எது உண்மை என்று விற்பனையாளரைக் கேட்டேன். இரண்டும்தான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பதில் என்னை விடாமல் துரத்தியதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. தங்கசாலைக்கு நடந்தே போய்விடலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலை அங்கே இருந்ததால் அந்தத் தெருவுக்கு அப்பெயர் வந்தது. நாணயச் சாலை போய்விட்டாலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் சௌகார்பேட்டையிலும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் மாடிப்படிகளுக்கு அடியிலும் ஜன்னல் இல்லாத அறைகளிலும் இன்றும் இயங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இப்போது வங்காளத்திலிருந்து வந்த இளைஞர்களே வேலை செய்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக வேலை செய்யும் பத்தர் ஒருவர் மட்டும் ஒரு சந்தில் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறார். சேதாரத்தைப் பற்றிக் கேட்க அவரிடம்தான் போனேன்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். கையால் நகை செய்யும் காலத்தில் கம்பி இழுக்கும்போதும், அரத்தால் ராவும்போதும், பொடி வைத்து ஊதும்போதும், மெருகு போடும்போதும் சிறிது தங்கம் உதிரும். வாடிக்கையாளர் தம் தங்கத்தைக் கொடுத்து நகை செய்துகொண்ட நாட்களில், கொடுத்த எடைக்கும் வாங்கிய எடைக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சொல்லப்பட்ட கணக்கே சேதாரம். இன்று கடைகளில் விற்கும் சங்கிலிகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் பின்னப்படுகிறது. மற்றவற்றில் பல அச்சில் வார்க்கப்படுகின்றன. உதிர்வது முன்பைவிட மிகக் குறைவு, ஆனால் சேதாரம் என்ற சொல்லும் அதன் விகிதமும் மாறவில்லை. இப்போது அது வேலைப்பாட்டின் விலையையும் கடையின் லாபத்தையும் தங்கத்தின் விலையோடு சேர்த்துக் கட்டிவிடும் ஒரு வசதியான சொல். தங்கம் விலை ஏறினால் சேதாரமும் தானே ஏறும்.

உதிர்வதும் தொலைந்துபோவதில்லை என்பதை அவருடைய பட்டறையிலேயே பார்க்கலாம். ராவிய தூள் பலகைக்கு அடியில் உள்ள இழுப்பறையில் விழுகிறது. கை கழுவும் நீர் ஒரு வாளியில் சேர்கிறது. வீட்டுக்குப் போகும்முன் தலையைக்கூடத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். கிழிந்த பாயையும் துடைத்த துணியையும் எரித்து அந்தச் சாம்பலையும் எடுத்து வைக்கிறார்கள். கூட்டிய பட்டறை மண்ணை வாங்குவதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதே அவர்கள் தொழில். சௌகார்பேட்டையில் விடியற்காலையில் நடந்தால் பட்டறைகளின் வாசல் சாக்கடையைச் சட்டியில் அலசிக்கொண்டிருப்பவர்களைக் காணலாம். உலகின் ஆடம்பர நிறுவனங்கள் இப்போது பெருமையோடு பேசும் கழிவில்லா உற்பத்தியை இவர்கள் எந்த அட்டையும் அச்சிடாமல் செய்துவருகிறார்கள். அதை அழகான கதையாக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசமும் நைட்ரிக் அமிலமும் வேண்டும். அவற்றின் புகை போவதற்கு அந்தச் சந்துகளில் வழியில்லை.

கேடிஎம் என்ற மூன்றெழுத்தை நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிவார்கள். ஒரு காலத்தில் கேடிஎம் நகை என்றால் தரமான நகை என்று பொருள். முன்பு பற்றவைக்கப் பயன்பட்ட பொடியில் வெள்ளியும் செம்பும் கூடுதலாக இருந்ததால், உருக்கும்போது நகையின் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, குறைந்தது. அந்தக் குறையை நீக்க வந்தது காட்மியம் கலந்த பற்றாசு. அந்தப் பெயரின் திரிபே கேடிஎம். காட்மியம் 767 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும், தங்கம் உருகுவதோ 1,064 டிகிரியில். எனவே ஊதும் ஒவ்வொரு முறையும் காட்மியம் புகையாகி ஊதுபவரின் நுரையீரலுக்கும் அங்கிருந்து சிறுநீரகத்துக்கும் போகும், நகையில் அதன் சுவடே இருக்காது. வாங்குபவருக்குச் சுத்தத் தங்கம், செய்பவருக்கு நோய் என்ற இந்த ஏற்பாட்டைப் பிற்பாடு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தடைசெய்தது. எங்கள் பத்தரின் தம்பி இருமலோடு பத்து ஆண்டுகள் இருந்து இறந்தார். காரணம் காட்மியம்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை, ஆகவே நானும் அடித்துச் சொல்லவில்லை.

மறுசுழற்சித் தங்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். நெகிழிப் புட்டியைப் போலக் குப்பைக்குப் போகவேண்டிய ஒன்றை மீட்டெடுத்தால் அது மறுசுழற்சி. தங்கத்தை யார் குப்பையில் போட்டார்கள்? பாட்டியின் அட்டிகை அம்மாவின் சங்கிலியாகி, அது மகளின் வளையலாவதைத்தான் நம் வீடுகளில் ‘அழித்துச் செய்வது’ என்கிறோம். உலகில் எண்ணிக்கையில் மிக அதிக நகைகளைச் செய்யும் டென்மார்க்கின் பண்டோரா நிறுவனம், தன் நகைகளுக்கு மறுசுழற்சி வெள்ளியையும் தங்கத்தையும் மட்டுமே வாங்குவதாக 2024 தொடக்கத்தில் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனாலும் பழைய தங்கத்தை ஒரு நிறுவனம் முழுவதுமாக வாங்கிக்கொண்டால் மற்றொரு நிறுவனம் புதுத் தங்கத்தை வாங்கப்போகிறது. சுரங்கங்கள் இன்றும் ஆண்டுக்கு 3,000 டன்னுக்கு மேல் வெட்டுகின்றன, உருக்கிய பழைய தங்கம் மொத்த வரத்தில் ஏறக்குறைய கால் பங்குதான். மொத்தத் தேவை குறையாதவரை அட்டையில் உள்ள வாசகம் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் பாவத்தை மாற்றி எழுதுவதே.

சுரங்கத்தைப் பற்றி எனக்கு உரத்துப் பேச ஓர் உரிமை உண்டு. என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே காலூன்றியது முதல் வட ஆற்காட்டுத் தமிழர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், தலைமுறை தலைமுறையாக அந்தக் குழிகளில் இறங்கினார்கள். பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தைக் கொடுத்துவிட்டு 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் 3 கிராம் அளவுக்கே தங்கம் கிடைத்தது. அப்படியானால் ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் பாறை. அரைத்த பாறையைச் சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் மீந்த மண், 3 கோடி டன்னுக்கு மேல், ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. சிறுவயதில் விடுமுறைக்குப் போகும்போது அந்தச் ‘சயனைடு மலை’களில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். காற்று அடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் சோற்றுத் தட்டுவரை வரும். தாத்தாவின் நெஞ்சில் படிந்தது அதைவிட நுண்ணிய பாறைத் தூசு. ரசீதில் எந்தக் கடையும் எழுதாத சேதாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி குறியீடு கட்டாயமானது. மாற்றையும், முத்திரையிட்ட மையத்தையும், கடையையும் அதைக்கொண்டு அறியலாம். அந்தத் தங்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது, யார் உருக்கினார், அவருக்குப் புகைபோக்கி இருந்ததா என்பதை அது சொல்லாது; சொல்வதற்காக அது வடிவமைக்கப்படவும் இல்லை.

அக்காள் மகள் கேட்ட வைரத்தோட்டுக்கும் இதே சிக்கல் வந்தது. ஆய்வக வைரம் மண்ணைத் தோண்டாதது, ஆகவே பசுமையானது என்றார்கள். தோண்டவில்லை என்பது மெய். இந்திய அரசே 2023 நிதிநிலை அறிக்கையில் இதற்கான ஆராய்ச்சிக்கு ஐஐடி ஒன்றுக்கு உதவி தருவதாக அறிவித்து, பின்னர் சென்னை ஐஐடியில் மையம் அமைக்க ஐந்து ஆண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் அந்த வைரம் உயர் அழுத்தத்திலும் 1,300 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும், அல்லது நுண்ணலையால் உண்டாக்கிய பிளாஸ்மாவில் நாட்கணக்கிலும் வளர்கிறது. இரண்டுக்கும் ஓயாத மின்சாரம் வேண்டும். நிலக்கரியிலிருந்து வரும் மின்சாரத்தின் பசுமையை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து இறாலும் நண்டும் அற்றுப்போனதை எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். சூரிய ஒளியில் வளர்ந்த வைரம் என்றால் நம்பலாம், ஆனால் எந்த மின்சாரம் என்று கேட்டபோது கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

துணி விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கும் கூட்டத்தைத் தாண்டி வந்தால், எங்கள் தெருவில் பழைய பட்டுப்புடவை வாங்குபவர் மாதம் ஒருமுறை குரல் கொடுப்பார். கல்லில் உரசி ஜரிகையைப் பார்த்து விலை சொல்வார். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது; எரித்தால் வெள்ளி மிஞ்சும். வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றிய இன்றைய ‘டெஸ்டெட்’ ஜரிகைப் புடவையை அவர் தொடுவதே இல்லை. லண்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பெரியும் எரித்தது: 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கைத் தன் பெயரின் மதிப்புக் குறையாமல் காக்க அழித்தது. கண்டனம் எழுந்தபின் 2018 செப்டம்பரில் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. எங்கள் தெருவில் எரிப்பது வெள்ளிக்காக, அங்கே எரித்தது விலைக்காக.

கடைசியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் இரண்டு வளையல்களும் சேர்த்து 46.3 கிராம் இருந்தன. பத்தர் எங்கள் கண்முன்னே மூசையில் உருக்கினார். வளையலுக்குள் இருந்த அரக்கும் அழுக்கும் போக 45.9 கிராம் நின்றது. மாற்றைச் சரிசெய்ய 2 கிராம் சுத்தத் தங்கம் வாங்கிக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து 41.2 கிராம் ஆரமும் 6.1 கிராம் மீதித் துண்டும் கைக்கு வந்தன. குறைந்தது 0.6 கிராம், ஆரத்தின் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் அவருடைய இழுப்பறையில் இருக்கிறது, அதை அவரே வைத்துக்கொள்வது வழக்கம். செய்கூலியாக அவர் கேட்டது நான் நினைத்ததைவிட அதிகம், பேரம் பேசாமல் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் 916 முத்திரை எங்கே என்று கேட்பார்கள் என்று அக்காள் அஞ்சினாள். பதிவு பெற்ற கடைக்காரர் மூலமாக அல்லாமல் நாமே கொண்டுபோய் முத்திரை வாங்க முடியாது, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கட்டணம் கட்டி மாற்றைச் சோதித்துச் சான்று வாங்கலாம். வாங்கினோம். அந்தச் சான்று ஆரத்தின் பெட்டியில் இருக்கிறது. மீந்த 6.1 கிராம் துண்டை அம்மா மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்திருக்கிறார். ஆவணியில் தம்பி மகனுக்குக் காதுகுத்து.