ஆமி அம்மானும் பேர் தெரியாத பெத்தாவும்

ரெண்டு வருசமா ஒரு வேலையத்த வேலை பாத்துக் கொண்டிருக்கன், எங்கட குடும்பத்துட வம்சத்தை எழுதுறது. தொடங்கக்குள்ள ஒரு ஏ4 தாளோட முடிஞ்சிரும் எண்டுதான் நினைச்ச, இப்ப நாலு தாளை ஒட்டி சுருட்டி கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கன், வீடு கூட்டக்குள்ள ஒவ்வொரு நாளும் மனிசிட்ட பேச்சு.

இதுக்கெல்லாம் காரணம் ஆமி அம்மான். அம்மம்மாட அம்மாக்கு, அதாவது எங்கட பூட்டிக்கு, ஒரு தம்பி. கலியாணம் முடிக்கல்ல. ரெண்டாம் உலகப் போருக்கு வெள்ளைக்காரன்ட ஆமியில சேந்தவர். அம்மம்மாக்கு அவர் தாய்மாமன், அம்மான் எண்டு கூப்பிட்ட, அதுக்குப் புறகு பொறந்த நாங்க எல்லாரும் முறை கிறை பாக்காம ஆமி அம்மான்தான். 1977ல செத்தவர், நான் கண்டதில்ல. அவர்ட முகம் மட்டும் தெரியும். முகம் மட்டும் எண்டா உண்மையாவே முகம் மட்டும்தான். பெரியம்மாட அல்பத்துல ஒரு படம் இருக்கு, கழுத்துக்குக் கீழ கத்திரிக்கோலால வெட்டி எடுத்த படம், கீழ் விளிம்புல கொலர்ட நுனி ஒரு நெல்லளவுக்குத் தெரியும். சின்ன வயசில அத பாத்து, பாஸ்போட் சைஸுக்கு வெட்டியிருக்காங்க போல எண்டு நினைச்சிருக்கன்.

1990ல, சண்டை நேரம் வெட்டினது. யாருட்டயும் கேக்காம பெரியம்மாவே வெட்டினாவாம். அந்த நேரம் ஆமி உடுப்புப் போட்ட ஆம்பிளைட படம் ஒண்டு வீட்டுச் சுவர்ல தொங்கினா ஒவ்வொரு பக்கத்தாருக்கும் ஒவ்வொரு விளக்கம் சொல்லணும், இது 1940கள்ல எடுத்த படம் எண்டு நிதானமா கேக்கிற ஆள் அப்ப யாரு? தொப்பிய கக்கத்துல வச்சுக் கொண்டு நிண்ட படமாம், அதால தொப்பி, கை, பட்டன் எல்லாம் அடுப்புக்குள்ள போயிட்டு. அவருக்குப் போருக்குக் குடுத்த மெடல அடுப்புல போட ஏலாதே. அத மைலோ பேணியில போட்டு, சொப்பிங் பேக்கால சுத்தி, கிணத்தடி வாழைக்குப் பக்கத்தில தாட்டு வச்சிட்டுத்தான் அகதிக் கேம்புக்குப் போன. திரும்பி வந்து கிண்டி எடுத்து களுவாஞ்சிகுடிக்குக் கொண்டு போனா. அதாலதான் மிஞ்சினது. மட்டக்களப்பு கல்லடி வீட்டுல இருந்ததுகள் ஒண்டும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் புறகு இல்ல, 78 சூறாவளிக்குத் தப்பின ரங்குப் பெட்டி கூட அண்டைக்குப் போயிட்டு, உறுதி, சாதக ஓலை எல்லாம் அதுக்குள்ளதான்.

போன வருசம் பெரியம்மாட வீட்டுல வச்சு அந்த மெடல முதல் தரம் கையில எடுத்தன். ரிபன் உக்கிப் போய் ஒரு ஓரத்துல சிவப்பு நூல் ரெண்டு மட்டும் கிடக்கு. ஒரு பக்கம் முடி வச்ச ராசாட தலை, ஆறாம் ஜோர்ஜ். மறுபக்கம் 1939, 1945 எண்டு மேல கீழயா ரெண்டு வருசம், ஒரு சிங்கம் ரெண்டு தலை டிராகனுக்கு மேல ஏறி நிக்குது. பெரியம்மா மூக்குக் கண்ணாடிய போட்டுப் பாத்துட்டு, "சிங்கமா மனே இது? நாங்க நாய் எண்டெல்லோ நினைச்ச" எண்டா. நாய் எண்டு நினைச்சுமா தாட்ட எண்டு கேட்டன். பதில் இல்ல.

இந்த மெடலாலதான் எங்கட வீட்டுல ஒரு சண்டை தொடங்கின. ஆமி அம்மான் எகிப்துல சண்டை பிடிச்சவர் எண்டுதான் எங்கட ஆக்கள்ட கதை, ஒட்டகம், மணல் புயல் எல்லாம் வரும். சிலோன்ல இருந்து பயனியர் கோர் எண்ட வேலையாள் படைக்கு எடுத்த ஆக்கள் மத்திய கிழக்குக்குப் போனது உண்மைதான். ஆனா எங்கட கையில இருக்கிறது வோர் மெடல் எண்டுற சாதாரண மெடல், முழுநேர சேவையில 28 நாள் இருந்திருந்தா எங்க இருந்தாலும் குடுக்கிற. எகிப்துல 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில ஒரு நாள் நிண்டிருந்தாலும் ஆபிரிக்கா ஸ்டார் எண்டு வேற ஒண்டு குடுக்கணும், அது ஆறு முனை நட்சத்திரம், அப்படி ஒண்ட எங்கட வீட்டுல யாரும் கண்டதே இல்ல. இத மாமாட்ட சொன்னதுக்கு ரெண்டு கிழமை ஃபோன் எடுக்கல்ல. மெடல்ல பேராவது வெட்டியிருக்கும், நம்பர் இருக்கும், அத வச்சுத் தேடலாம் எண்டு லென்ஸ் வச்சு விளிம்பு சுத்திப் பாத்தன், வெறும் விளிம்பு. அந்தப் போருக்கு பிரிட்டன் குடுத்த மெடலுகள் பேர் வெட்டாம குடுத்ததுகளாம்.

பேணிக்குள்ள வேற என்ன கிடந்த எண்டு கேக்க, "என்னவோ தபால் துண்டுகள் மனே, மறுகா பாப்பம்" எண்டு பெரியம்மா சொன்னா. அந்த மறுகா வர எட்டு மாசம் எடுத்த.

அதுக்குள்ள அம்மம்மாவ இருத்தி வச்சுக் கதை எடுத்தன். இப்ப 88 வயசு, காலையில குடிச்ச தேத்தண்ணி ஞாபகம் இல்ல, 1942 ஏப்ரல் ஞாபகம் இருக்கு. ஆறு வயசு. வெயில் எறிச்சுக் கொண்டு நிக்குது, கடலுக்குள்ள இடி இடிக்கிற மாதிரி சத்தம், பெத்தா, அதாவது அம்மம்மாட அம்மம்மா, ஓடி வந்து இடுப்புல தூக்கிக் கொண்டு வாவி பக்கமா ஓடினாவாம். ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அண்டைக்கு விடியத்தான் ஜப்பான் பிளேனுகள் திருகோணமலைக்குக் குண்டு போட்டு, பத்தரை பதினொண்டு போல மட்டக்களப்புக்கு நேரா கடல்ல ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பல தாட்ட. கப்பல்ல பறக்க ஒரு பிளேனும் இல்ல, 307 பேர் செத்த. அந்தக் கப்பல் இன்னும் அந்த இடத்துலதான் கிடக்கு, 50 மீற்றருக்கு மேல ஆழம், டைவிங் பண்ண எங்கெங்கயோ இருந்து வாறாங்க, நாங்க கல்லடி கடற்கரையில கடலை கொறிச்சுக் கொண்டு அதுக்கு நேரதான் இருக்கிற. அண்டைக்கு அம்மான் எங்க எண்டு அம்மம்மாட்ட கேட்டன். "திருக்கணாமலையிலதான். எண்ணெய்த் தாங்கி எரிஞ்சத கண்டதெண்டு சொல்லுவார். பெத்தா மூணு நாள் சோறு தின்னல்ல, காயிதம் வந்தாப் புறகுதான்." அப்ப எகிப்து? "அது கள்ளுக் குடிச்சா போற இடம் மனே." மாமாக்கு இத இன்னும் சொல்லல்ல.

இப்ப பெத்தாட கதைக்கு வாறன், என்ட நாலு தாளும் முட்டி நிக்கிற இடம் அதுதான்.

எங்கட பக்கம் குடி, அதாவது வம்சக் கூட்டம், தாய் வழி. அம்மாட குடிதான் பிள்ளைட குடி, ஒரே குடிக்குள்ள முடிக்கிறதில்ல, கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்கு வாற, வீடு பொம்பிளப் பிள்ளைக்கு. காத்தான்குடியில என்னோட வேலை செய்யிற கூட்டாளி ஒருவன், அவங்களுக்கும் குடி இருக்கு, பள்ளிவாசல் நிர்வாகம் பாக்கிற மரைக்காயரே குடிப்படிதான் எண்டான். அதால எங்கட வம்சத்துல ஆம்பிளைகள் எல்லாரும் வந்தேறுனவங்க, பூட்டன் திருக்கோவில், அம்மப்பா மண்டூர், அப்பா காரைதீவு. பொம்பிளைகள் மட்டும் அதே வளவுல. நானும் ஆமி அம்மானும் ஒரே குடி, என்ட அப்பா வேற குடி, என்ட பிள்ளைகள் என்ட குடி இல்ல. குடிட பேர இதுல எழுதல்ல, ஊர்ல உள்ளவங்களுக்குத் தெரியும், மத்தாக்களுக்குத் தேவை இல்ல.

ஆனா கடதாசி எல்லாம் தலைகீழ். இனிசியல் அப்பாடது. பிறப்புப் பத்திரத்துல தகப்பன்ட தகப்பன் எங்க பொறந்தவர் எண்டு ஒரு கட்டம் இருக்கு, 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துல பிரஜாவுரிமை தகப்பன் வழிதானே, அதுட மிச்சம். தாயுட தாய்க்கு ஒரு கட்டமும் இல்ல. அதால அப்பா பக்கம் கடதாசியப் பாத்து அஞ்சு தலைமுறை எழுதிட்டன், சின்னத்தம்பி, மூத்ததம்பி, கணபதிப்பிள்ளை எண்டு அதே மூணு பேரையும் மாத்தி மாத்தி வச்சு என்னைப் படுத்தின பாடு அது வேற கதை. குடி வாற அம்மா பக்கத்துல அம்மா, அம்மம்மா, பூட்டி, அதுக்கு மேல பூட்டிட அம்மா. அவதான் பெத்தா, இடுப்புல தூக்கிக் கொண்டு ஓடின அதே ஆள். பேர்? அம்மம்மாக்குத் தெரியாது. "பெத்தா பெத்தாதான், பேர் சொல்லி யார் கூப்பிட்ட?"

பதிவுப் புத்தகம் பாக்க ஒரு ஒஃபிஸுக்கு மூணு தரம் போனன். பூட்டிட பிறப்புப் பதிவு கிடைச்சா பெத்தாட பேர் வந்திரும். பொறந்த வருசம் சரியா சொல்லு எண்டாங்க, சரியாத் தெரிஞ்சா நான் ஏன் வாறன். மூணாம் தரம், அந்தப் புத்தகம் கறையான் அரிச்சதெண்டு கதை முடிஞ்ச. பூட்டனுக்கும் தேட ஒரு தரம் அம்பாறைக்குப் போய் வெயிலுக்குள்ள திரும்பி வந்தன், அம்பாறை தனி மாவட்டம் ஆனதே 1961லதான், அதுக்கு முன்ன திருக்கோவிலும் மட்டக்களப்புதான், பஸ் ஏற முன்னமே யோசிச்சிருக்கணும்.

தை பிறந்துதான் பெரியம்மாட மறுகா வந்த. பேணியில கிடந்த தபால் துண்டுகளை பொலித்தீன் பேக்ல போட்டுத் தந்தா. ஏழு துண்டு, மணிஓடர் அனுப்பினதுக்குக் குடுத்த ரிசீட். மை ஊதாவாப் போயிட்டு. சீல்ல திருகோணமலை எண்டு வடிவா வாசிக்கலாம், ரெண்டுல 1943. ஒவ்வொண்டும் 15 ரூபா, ஒண்டு மட்டும் 20, தீபாவளிக்கா இருக்கும். காசு கிடைக்கிற ஆள்ட பேர் இங்கிலீசுல, தபால்காரன்ட கையெழுத்துல. பெத்தாட பேர்!

அதுலயும் ஒரு வில்லங்கம். ரெண்டாம் இங்கிலீஸ் எழுத்து ஏயா (A) ஈயா (E) எண்டு தெரியல்ல, ஒரு துண்டுல ஏ மாதிரி, மத்ததுல ஈ மாதிரி, மத்ததுகள்ல மடிப்பு அதுக்கு மேலாலயே போகுது. ஏ எண்டா வள்ளியம்மை. ஈ எண்டா வெள்ளையம்மை. ரெண்டும் அந்தக் காலத்துப் பேர்தான். தாள்ல ரெண்டையும் பென்சிலால எழுதி நடுவுல ஒரு கோடு போட்டு வச்சன், ஒரு கிழமையா அப்படியே கிடந்த.

பிறகு ஒரு பின்னேரம் அம்மம்மாக்கு வெத்திலை இடிச்சுக் குடுத்துக் கொண்டு மெல்ல கேட்டன், வெள்ளையம்மை எண்டு ஆரும் நம்மட வீட்டுல இருந்தாவா எண்டு. அம்மம்மா உடன "ஓம், இருந்தா" எண்டா. எனக்கு நெஞ்சு அடிக்குது, பென்சில எடுத்திட்டன். "நெத்தியில சுட்டி, ஒரு கொம்பு முறிஞ்சது. அம்மான் ஆமிக் காசுல வாங்கினது. ரெண்டு நேரமும் பால் தருவா."

பசுமாடு.

நான் பென்சில வச்சிட்டன். அம்மம்மா வெத்திலைய சப்பிக் கொண்டு என்னைப் பாத்து, "அந்தப் பேர் வச்சதே பெத்தாதான். தன்ட பேர மாட்டுக்கு வைப்பாவா?" எண்டா.

பென்சில் கோட்டை அழிச்சிட்டு வள்ளியம்மை எண்டு பேனையால எழுதிட்டன்.