பள்ளியில் இருந்தபடியே கல்லூரி கிரெடிட்: டெக்சஸில் எங்கள் இரண்டு ஆண்டு அனுபவம்

எங்கள் மகள் வரும் ஆகஸ்டில் பல்கலைக்கழகம் போகிறாள். பள்ளியில் இருந்தபடியே, பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒருசேரக் கணக்கில் வரும் டூயல் கிரெடிட் வகுப்புகளில் அவள் சேர்த்தது 19 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடும் பாட அலகு). அவற்றில் 3 வீணாயின. எத்தனை வகுப்பு எடுக்கலாம், எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம் என்பதற்கு டெக்சஸில் இருந்த மாநில வரம்புகளை 2015-இல் வந்த சட்டம் நீக்கிவிட்டது. ஆகையால் எதை, எப்போது எடுப்பது என்ற முடிவு பெரும்பாலும் வீட்டார் தலையில் வந்து விழுகிறது. பத்தாம் வகுப்பு முடித்துக் குரூப் எடுத்ததோடு யோசனை முடிந்துவிடும் தமிழ்நாட்டில் படித்து வந்த எனக்கும் என் மனைவிக்கும் இது பழக்கமில்லாத பொறுப்பு. நாங்கள் இடறிய இடங்களில் மற்றவர்கள் இடறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தகுதித் தேர்வில் தொல்லை இல்லை. கல்லூரி வகுப்புக்குத் தயாரா என்று பார்க்கும் டெக்சஸின் டிஎஸ்ஐஏ தேர்வில் கணிதத்துக்கு 950, ஆங்கிலத்துக்கு 945, கட்டுரைக்கு 5 என்ற எல்லைகளை அவள் முதல் முறையிலேயே தாண்டிவிட்டாள். சிக்கல், பதினொன்றாம் வகுப்பு தொடங்கவிருந்த ஆகஸ்டில் ஆரம்பித்தது. வேதியியல் 1411-ஐ (எண், கல்லூரிப் பாடத்தின் குறியீடு) டூயல் கிரெடிட் தரும் கல்லூரியின் வளாகத்தில் மாலை வகுப்பாகப் படிக்க விண்ணப்பித்திருந்தோம். பதிவு மட்டும் ஏறவில்லை. அரை நாள் விடுப்புப் போட்டு, நாற்பது நிமிடம் கார் ஓட்டி, எல்லாத் தாள்களையும் ஓர் உறையில் எடுத்துக்கொண்டு கல்லூரியின் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி உறையைத் தொடவே இல்லை. "மாணவி எங்கே?" என்று கேட்டார். பள்ளியில் பாண்ட் இசைக்குழுப் பயிற்சியில் இருக்கிறாள், நான் அவளுடைய அப்பா என்றேன். "கல்லூரியில் சேர்ந்துவிட்டால், பதினாறு வயதே ஆனாலும், பதிவுகள் மாணவிக்கே உரியவை. அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் நான் எதுவும் பேச முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தில் அந்த உரிமை மாணவருக்குத்தான் போகிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சட்டத்தின் மீது எனக்குக் குறையில்லை. ஒப்புதல் படிவம் என்று ஒன்று இருக்கிறது, அதை வீட்டிலிருந்தே நிரப்பி அனுப்பலாம் என்ற ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டதுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது.

அன்று இரவு மகளைக் கூட வைத்துக்கொண்டு, கல்லூரி அவளுக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சலை முதல் முறையாகத் திறந்தோம். பதிவு ஏன் நிறுத்தப்பட்டது என்ற விளக்கம் மூன்று வாரமாக அங்கே படிக்கப்படாமல் கிடந்தது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று செல்லாது என்று எழுதியிருந்தார்கள். வளாகத்துக்கு வந்து படிக்கும் 22 வயதுக்குக் குறைந்த மாணவர்கள் அந்த ஊசியைக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள், வகுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பாகப் போட்டிருக்க வேண்டும் என்பது டெக்சஸ் விதி. அவள் போட்டது ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில். கணக்கிட்டால் ஐந்து ஆண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. வகுப்புக்கு இன்னும் பதின்மூன்று நாள்தான் இருந்தது. மறுநாள் காலையில் குழந்தை மருத்துவரின் அலுவலகம் திறந்த உடனே என் மனைவி அழைத்து, பதினாறு வயதில் எப்படியும் போட வேண்டிய பூஸ்டர்தானே என்று எடுத்துச் சொல்லி, அன்று மாலைக்கே நேரம் வாங்கிவிட்டார். சான்றை மகளே தன் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பினாள். இரண்டு நாளில் பதிவு ஏறியது. உங்கள் பிள்ளை பள்ளிக் கட்டடத்திலேயே அமர்ந்து படிப்பதானால் இந்த விதி பொருந்தாது. வளாகம் போவதானால் ஜூன் மாதமே தேதியைப் பார்த்துவிடுங்கள்.

வேதியியலில் அவளுக்குக் கிடைத்தது பி. அந்த மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) நிலையாக இருக்கும். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரி வகுப்புகளையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். அவளுக்கு அந்த ஆசை இருப்பதால், வகுப்பில் சேரும் முன்பே இதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

வீணான 3 கிரெடிட் ஆங்கிலத்தில் போனது. பதினொன்றாம் வகுப்பில், பள்ளி மாணவர்கள் கல்லூரி அளவில் எழுதும் ஏபி தேர்வுகளில் ஒன்றான ஆங்கில மொழித் தேர்வை மே மாதம் எழுதினாள். ஜூலையில் மதிப்பெண் 4 என்று வந்தது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைப் பிப்ரவரியிலேயே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாகிவிட்டது; அதில் பள்ளி கவுன்சிலர் இங்கிலீஷ் 1301-ஐ டூயல் கிரெடிட்டாக வைத்திருந்தார். இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். இரண்டுமே நல்ல வகுப்புகள், இரண்டும் இருந்தால் நல்லதுதான் என்றார். அவருடைய கணக்கில் அது தவறில்லை, ஏனென்றால் பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான பாடம் நிரம்புகிறதா என்பதையே அவர் பார்க்கிறார். பல்கலைக்கழகமோ அந்த 4-ஐப் பார்த்தே 1301-க்குக் கிரெடிட் கொடுத்துவிட்டது, ஒரே பாடத்துக்கு இருமுறை கொடுக்காது. ஒரு முழு செமஸ்டர் கட்டுரைகளும் இரவு விழிப்பும் கணக்கில் சேரவே இல்லை. மாறாக, பதினொன்றாம் வகுப்பில் எடுத்த வரலாறு 1301, 1302 இரண்டும் முழுதாகப் பயன்பட்டன. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் சட்டப்படி கட்டாயம். வெளிமாநிலமோ தனியார் பல்கலைக்கழகமோ போகிறவர்கள் அங்கே ஏற்பார்களா என்று முன்னதாகவே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி இடறல் பெயரில் வந்தது. நம்மவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்தபோது, குடும்பப் பெயர் கட்டத்தில் இனிஷியலாக ஓரெழுத்தை மட்டும் எழுதியிருந்தேன். கல்லூரி விண்ணப்பத்தை அவளே பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பியதால் அங்கே என் பெயர் முழுதாக ஏறிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் பள்ளியிலிருந்து ஒரு டிரான்ஸ்கிரிப்ட், கல்லூரியிலிருந்து தனியாக ஒரு டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். இரண்டும் போயின, ஆனால் இரண்டும் ஒரே பெண்ணுடையவை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கெடு நெருங்க நெருங்க, விண்ணப்பப் பக்கத்தில் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டுக்கு எதிரே "வரவில்லை" என்றே இருந்தது. "அப்பா, நான் அந்தக் கல்லூரியில் படிக்கவே இல்லை என்கிறார்களா?" என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்கு மின்னஞ்சல், பாஸ்போர்ட் நகல், பள்ளியிலிருந்து ஒரு கடிதம் என்று இரண்டு வாரம் அலைந்த பிறகு, கெடுவுக்கு மூன்று நாள் முன்பு அந்தச் சொல் "பெறப்பட்டது" என்று மாறியது.

எட்டாம் வகுப்பில் இருக்கும் மகனுடைய பள்ளிப் பதிவில் பெயரைத் திருத்தும் மனுவைச் சென்ற வாரம் கொடுத்துவிட்டோம்.