எலியை ஊட்டிக்கு எடுத்துப் போறீங்களா?

எலிகளுக்கு மருந்தையும் குறைந்த ஆக்சிஜனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்காக ஃபார்ம் பி (விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்கும் படிவம்) நிரப்பப் போகிறவர்கள் 'உயரமான இடம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிறவர் அந்தச் சொல்லைப் பார்த்ததும், "எலியை ஊட்டிக்கு எடுத்துப் போறீங்களா? அப்போ பயண அனுமதி எங்கே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வட சென்னையில் கடல் மட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஊட்டி என்ன, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தையே உண்டாக்கலாம். எலி இருக்கும் பெட்டிக்குள் நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து 10-க்கு இறக்கினால், கிட்டத்தட்ட 5,500 மீட்டர் உயரத்தில் மூச்சு விடுகிற கணக்கு. 'ஆக்சிஜன் குறைத்த காற்று' என்று மாற்றி எழுதியதும் முத்திரை விழுந்தது.

நெறிமுறைக் குழுவில்தான் உண்மையான இழுபறி. டயஸெபாம் (பதற்றத்தைக் குறைத்து மயக்கம் தரும் மருந்து) மட்டும், குறைந்த ஆக்சிஜன் மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என நான்கு குரூப். எலிகளைக் குறைக்க ஒன்றை வெட்டச் சொன்னார் ஓர் உறுப்பினர். குறைக்கச் சொல்வது சரிதான், இடம்தான் தப்பு. மருந்து கொடுத்தாலும் எலி ரோட்டாராடிலிருந்து, அதாவது அதை ஓடவிட்டுப் பார்க்கும் சுழலும் உருளையிலிருந்து, சீக்கிரம் விழும். ஆக்சிஜன் குறைந்தாலும் விழும். இரண்டும் சேரும்போது வெறும் கூட்டுத்தொகையா, அதற்கும் மேலா என்பதுதானே கேள்வி? ஒரு குரூப் போனாலும் பதில் வராது. குழுவிலிருந்த கால்நடை மருத்துவர் எங்கள் பக்கம் பேசினார், பிழைத்தோம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: ஒவ்வொரு எலிக்கும் உடல் வெப்பநிலை பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் எலியின் உடம்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்த எலி மெதுவாகத்தான் ஓடும், அதை மயக்கம் என்று எழுதிவிடக் கூடாது. எரிச்சலாக இருந்தாலும் நியாயமான நிபந்தனை.

மருந்துக் கடையில் வேறு கூத்து. டயஸெபாம் ஹெச்1 பட்டியலில் (விற்பதைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டிய மருந்துகளின் பட்டியல்) இருப்பதால் பதிவேட்டில் நோயாளி பெயர் எழுதியாக வேண்டும். "எலிக்குங்க" என்றதும் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! துறைத் தலைவர் கடிதம், குழுவின் ஒப்புதல் எண், இரண்டையும் வைத்து கல்லூரி வழியாகவே வாங்குங்கள்.

நைட்ரஜன் மணலியிலிருந்து குட்டியானையில் வந்தது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், அறைக்குள்ளும் ஓர் ஆக்சிஜன் மீட்டர் மாட்டுங்கள். கசிந்தால் வாசனையே தெரியாது, ஆளையே சாய்த்துவிடும். அப்புறம், ரெகுலேட்டரை கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே திருகிப் பாருங்கள். எங்களுடையது பொருந்தவில்லை. சிலிண்டரை மாற்றப் போன வண்டி கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அன்றைய சோதனை அவ்வளவுதான்.