நாலு மாதம் ஆன பிறகும் கைப்பிள்ளைக்குக் கண் விலகினால்

செட்டிநாட்டு வீடுகளில் பிள்ளையின் கருவிழி மூக்குப் பக்கமாக ஒதுங்கினால், "மாறுகண் யோகம், விடுங்க" என்று பெரியவர்கள் சொல்வது இன்னும் நிற்கவில்லை. அடுத்து வருவது, "குன்றக்குடியில முடியிறக்கிக் காது குத்திட்டுப் பார்த்துக்கலாம்." இரண்டுமே பாசத்தில் சொல்வதுதான். ஆனால் தள்ளிப்போடும் அந்த மாதங்கள் பார்வை வளரும் மாதங்கள். விலகிய கண் காட்டும் பிம்பத்தை மூளை ஒதுக்கத் தொடங்கும். நாளடைவில் அந்தக் கண்ணில் பார்வை வளராமல் நின்றுவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். வளர்ந்த பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அதை முழுதாக மீட்பது கடினம்.

பிறந்து 2, 3 மாதம் வரை இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கப் பழகிக்கொண்டிருக்கும். அவ்வப்போது விலகித் திரும்பினால் கவலை வேண்டாம். 4 மாதம் முடிந்தும் விலகுகிறதா, கண் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஒரே கண் எந்நேரமும் விலகியே நின்றால் 4 மாதம்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. குறைமாதப் பிள்ளைக்கு இந்த மாதக்கணக்கைப் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். (34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை 2 கிலோவுக்கு மேல் இல்லாவிட்டாலோ, பிறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை தனியாகச் செய்ய வேண்டும்.)

மாறுகண் போலத் தெரிவதெல்லாம் மாறுகண் இல்லை. கைப்பிள்ளைகளுக்கு மூக்குத்தண்டு சப்பையாக இருக்கும். இமையின் உள்மூலைத் தோல் மடிந்து வெள்ளைவிழியை மறைக்கும். அதனால் கருவிழி உள்ளே போனதுபோல் தோன்றும். ஆகவே வெள்ளைவிழியைப் பார்க்காதீர்கள், வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள்.

பால் குடித்து முடித்துத் தெளிவாக விழித்திருக்கும் நேரத்தில் ஒருவர் மடியில் பிள்ளையை நேராக உட்கார்த்திக்கொள்ளட்டும். முற்றத்து வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது. பத்தியின் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின்) நிழல் போதும். போன் டார்ச் கூசும் என்பதால் மேலே மெல்லிய தாளை வைத்து, உங்கள் மூக்குக்கு நேராக, பிள்ளையிடமிருந்து அரைக்கை தூரத்தில் இரண்டு மூன்று விநாடி மட்டும் காட்டுங்கள். இரு கண்மணியிலும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மின்னும். இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது. நடுவிலிருந்து இம்மி மூக்குப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை. ஒரு கண்ணில் மட்டும் புள்ளி காதுப் பக்கம் தள்ளியிருந்தால் அந்தக் கண் உள்ளே திரும்பியிருக்கிறது. 1 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே விலகல் சுமார் 7 டிகிரி. தலை லேசாகத் திரும்பினாலும் கணக்கு தப்பும். அதனால் நாலைந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது; மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

பிறகு ஒவ்வொரு கண்ணாக, தொடாமல் உள்ளங்கையால் மறையுங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் பிள்ளை சிணுங்கிக் கையைத் தள்ளினால், மற்றக் கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். பசியோடு இருக்கும் பிள்ளை இரண்டுக்கும் அழும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அந்த வாரமே போங்கள். கேமரா கோணத்தாலும் அப்படி வரும். ஆனால் கண்புரையும் விழித்திரைப் புற்றுநோயும்கூட அப்படித்தான் தெரியும், மாறுகண்ணாகவும் வெளிப்படும். வீட்டிலிருந்தே பிரித்தறிய வழியில்லை.

மூக்கை நீவி விடுவதால் கண் நேராகாது. தொட்டிலில் கிலுகிலுப்பை கட்டியதால் மாறுகண் வரவும் இல்லை. கண்ணில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விடவே கூடாது, கிருமி சேரும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகளுக்கெனத் தனிக் கண் பிரிவு உண்டு. அங்கே கண்மணியை விரித்துப் பவர் அளப்பார்கள். அதற்கு முன் சில நாள் போட அட்ரோபின் களிம்பு தரலாம். சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். முகம் சிவந்து, வாய் உலர்ந்து, உடம்பு கொதித்தால் நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள். கண்மணி இரண்டு வாரம்வரை விரிந்தே இருக்கும், நம் ஊர் வெயிலில் நிழலாக வைத்திருங்கள்.

தூரப்பார்வைக் குறையால் (பிளஸ் பவர்) வரும் உள்விலகல் பலருக்குக் கண்ணாடியிலேயே நேராகிவிடும். ஆறு மாதத்துக்குள் தொடங்கிய பெரிய விலகலுக்கு அறுவை சிகிச்சை, பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்ற பயம் வேண்டாம். வெளியே ஒட்டியிருக்கும் தசையைத்தான் இடம் மாற்றித் தைக்கிறார்கள். சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும்.

சோம்பேறிக் கண்ணுக்காகக் கண்ணை மூடும் ஒட்டு போடச் சொன்னால் அது நல்ல கண்ணுக்கு; அதை மூடினால்தான் மற்றக் கண் வேலை செய்யும். கண்ணாடி மேல் ஒட்டாமல் தோலில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்க்கும். "கூட ஒரு மணி நேரம் போட்டா சீக்கிரம் சரியாகும்" என்று நீங்களாகக் கூட்டாதீர்கள். கைப்பிள்ளைக்கு நல்ல கண்ணின் பார்வையும் மங்கிவிடும். அதனால்தான் சின்னப் பிள்ளைகளைச் சீக்கிரம் சீக்கிரமாகத் திரும்ப வரச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.