கால் அசைந்தால் அது நடை ஆகாது

தண்டுவட ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, ஆய்வுக்காக எலியின் தண்டுவடத்தில் காயம் உண்டாக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றித்தான். பரவலாக உள்ள முறையில், எலியின் ஒன்பதாவது அல்லது பத்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் எலும்பை நீக்கி, 10 கிராம் எடையுள்ள கம்பியைத் தண்டுவடத்தின் மேல் விழவைக்கிறோம். 12.5, 25, 50 மில்லிமீட்டர் என உயரம் கூடக் கூடக் காயமும் கடுமையாகும். முள்ளெலும்பைப் பிடித்திருக்கும் கவ்வி தளர்ந்திருந்தாலோ ஓரத்தில் எலும்புச் சில்லு மிஞ்சியிருந்தாலோ அடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒரு கால் இழுபடும், மற்றது ஓடும். எந்த எலியை விலக்குவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். பிறகு யோசித்தால், நமக்குச் சாதகமான எலியைத்தான் மனசு விட்டுவைக்கும்.

என் பார்வையில், ஆய்வின் தலைவிதி பராமரிப்பில்தான் இருக்கிறது. அடிபட்ட எலிக்குத் தானாகச் சிறுநீர் போகாது. தினமும் இரண்டு மூன்று முறை நாம்தான் வெளியேற்ற வேண்டும். அடிவயிற்றில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தடவினால் சிறுநீர்ப்பை திராட்சைப்பழம் போல உருண்டு கைக்குத் தட்டுப்படும். அதை வால் பக்கமாக, நிதானமாக, சீராக அழுத்த வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் கிழிந்துவிடும். கலங்கலாகவோ ரத்தத்தோடோ வந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலியில் ஒன்றிரண்டு வாரங்களில் அனிச்சையாகக் கழிக்கும் திறன் திரும்பும். சுண்டெலிக்குப் பெரும்பாலும் கடைசிவரை நாம்தான் துணை.

புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அனிமல் ஹவுஸில், அதாவது ஆய்வு விலங்குகளை வளர்க்கும் கூடத்தில், காற்றே ஈரமாக இருக்கும். நனைந்த மரத்தூள் தோலைப் புண்ணாக்கும். தினமும் மாற்றியே ஆக வேண்டும். பின்னங்காலில் எழுந்து நிற்க முடியாத எலிக்கு மேல்தட்டுத் தீனி எட்டாது. தீனியைக் கூண்டுத் தரையில் வையுங்கள், தண்ணீர்க் குழாயைத் தாழ்த்துங்கள்.

நடையை மதிப்பிட 1995-இல் வந்த பி.பி.பி. அளவுகோல் (உருவாக்கிய பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹன் மூவரின் பெயரின் முதலெழுத்துகள்) இருக்கிறது: 0 முதல் 21 வரை. திறந்த வட்டத் தொட்டியில் எலியை நான்கு நிமிடம் விட்டு, எந்த எலி எந்தக் குழு என்று அறியாத இருவர் பார்க்க வேண்டும். அதற்கு முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். நிறைந்திருந்தால் கால் வெட்டி இழுக்கும், அது அடியெடுப்பது போலவே தெரியும். தரையில் ஈரம் இருந்தால் துடையுங்கள்.

கீழ்ப்படிகள் மூட்டு அசைவை மட்டுமே அளக்கின்றன. 9-இல்தான் கால் உடலின் எடையைத் தாங்கத் தொடங்குகிறது. 12 முதல் 14 வரை முன்னங்காலும் பின்னங்காலும் ஒத்துப்போவதைப் பார்க்கிறோம். ஆகவே 7-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளியும், 17-க்கும் 19-க்கும் உள்ள இடைவெளியும் ஒன்றல்ல. சராசரியை மட்டும் போட்டு முடிப்பது எலி காட்டியதை மறைப்பதாகும்.

நடைத் தாளத்தை உருவாக்கும் நரம்புச் சுற்று இடுப்புத் தண்டுவடத்தில், காயத்துக்குக் கீழே, பழுதில்லாமல் இருக்கிறது. தண்டுவடத்தின் ஓரத்தில், நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியில் மெல்லிய வளையம் தப்பினாலே மூளையின் கட்டளை கொஞ்சம் அங்கே போய்ச் சேரும். பல எலிகள் சில வாரங்களில் மீண்டும் அடியெடுத்து வைப்பது அதனால்தான். ஆனால் மூளைப் புறணியிலிருந்து (மூளையின் வெளி அடுக்கிலிருந்து) வரும் முக்கிய நரம்புப் பாதை எலிக்குத் தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் ஓடுகிறது, மனிதருக்குப் பெரும்பகுதி பக்கவாட்டில். எலி நடப்பதற்கு அந்தப் பாதையை நம்மளவுக்குச் சார்ந்திருப்பதும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டவரின் குடும்பத்தாரிடம் எலி நடந்துவிட்டது என்று சொல்வதற்கு முன், இந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.